நாளொன்றுக்கு 100 பிராங்கில் சூரிச்: திட்டமிடலிலிருந்து திரும்புவது வரை முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டி இந்தியாவிலிருந்து தனியாகச் சென்று சூரிச் நகரில் மூன்று இரவுகள் தங்க நினைப்பவருக்கானது. விமானக் கட்டணமும் விசாச் செலவும் நீங்கலாக, நாளொன்றுக்கு 100 சுவிஸ் பிராங்குக்குள் நகரைப் பார்த்து வருவதே குறிக்கோள். இதில் வரும் விலைகள் ஏறத்தாழக் கொடுக்கப்பட்டவை. அவை ஆண்டுதோறும் சற்றே மாறும் என்பதால், பணம் கட்டும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதல்முறை செல்பவர்கள் பெரும்பாலும் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலிலிருந்து தொடங்குகிறார்கள். சூரிச்சைப் பொறுத்தவரை அது தலைகீழான வரிசை. இங்கே பார்க்கத் தகுந்தவற்றில் பல இலவசம். பணம் கரைவது படுக்கையிலும் பயணச்சீட்டிலும் நேரம் தப்பிய சாப்பாட்டிலும்தான். ஆகவே நாள், படுக்கை, விசா, பணம், பயணச்சீட்டு, சாப்பாடு, கடைசியாக இடங்கள் என்ற வரிசையில் போவோம்.

1. நாட்களை முதலில் தேர்ந்தெடுங்கள்

சூரிச் ஒரு வணிக நகரம். அலுவல் நிமித்தம் வருபவர்கள் திங்கள் முதல் வியாழன் வரை ஓட்டல்களை நிரப்புவதால், தனி அறை எடுப்பவருக்கு வார இறுதி மலிவாக அமையும். பலர் சேர்ந்து தங்கும் விடுதிகளில் நிலைமை நேர்மாறு; வெள்ளி, சனி இரவுகளில் அங்கே இளைஞர் கூட்டம் சேர்ந்து படுக்கை விலை ஏறும். எங்கே தங்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தே உங்களுக்கு மலிவான கிழமை எது என்பது அமையும்.

100 பிராங்க் கணக்குக்கு விடுதிப் படுக்கைதான் ஒத்துவரும் என்பதால், செவ்வாய்க்கிழமை வந்து வெள்ளிக்கிழமை புறப்படுவதைப் பரிந்துரைக்கிறேன். இதற்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. கலை அருங்காட்சியகமான குன்ஸ்ட்ஹவுஸின் நிரந்தரத் தொகுப்பைப் புதன்கிழமைகளில் கட்டணமின்றிப் பார்க்கலாம்; திங்கட்கிழமை வந்தால் பெரும்பாலான அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமையோ கடைகள் அடைத்திருக்கும், அதன் விளைவைச் சாப்பாட்டுப் பகுதியில் சொல்கிறேன்.

ஆகஸ்ட் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமையை ஒட்டிய நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். ஏரிக்கரையில் நடக்கும் ஸ்ட்ரீட் பரேட் என்னும் இசைக் கொண்டாட்டத்துக்குப் பல லட்சம் பேர் திரள்வதால், அந்த இரவுகளில் சாதாரணப் படுக்கைக்குக்கூட வழக்கத்தைவிடப் பல மடங்கு கேட்பார்கள்.

2. படுக்கை: விலையோடு மண்டலத்தையும் கூட்டிப் பாருங்கள்

பலர் தங்கும் அறையில் ஒரு படுக்கை 45 முதல் 65 பிராங்க் வரை ஆகும். தனி அறை 150 பிராங்குக்குக் குறைந்து கிடைத்தால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

பழைய நகரத்துக்கு வெளியே தேடுவது சரியான எண்ணமே. ஆனால் வெளியே என்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது. சூரிச்சின் பொதுப் போக்குவரத்து மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நகரம் முழுவதும் மண்டலம் 110. ஓர்லிகோன், ஆல்ட்ஸ்டெட்டன், வொல்லிஸ்ஹோஃபன் ஆகிய பகுதிகள் மையத்திலிருந்து தள்ளியிருந்தாலும் இந்த 110-க்குள் அடங்குகின்றன. இங்கே தங்கினால் படுக்கை விலை குறையும், பயணச்சீட்டு விலை கூடாது.

விமான நிலையத்தை ஒட்டிய கிளாட்புருக், குளோட்டன் பகுதிகளில் மலிவாகத் தெரியும் ஓட்டல்கள் மண்டலம் 121-இல் இருக்கின்றன. அங்கிருந்து நகருக்கு வந்துபோக நாளொன்றுக்கு 5 பிராங்க் அளவில் கூடுதலாகும். 25 நிமிட ரயில் தொலைவுதானே என்று வின்டர்தூரில் அறை எடுப்பவர்களுக்கு வந்துபோகும் கட்டணமே நாளொன்றுக்கு 20 பிராங்கைத் தாண்டிவிடும். படுக்கையில் 15 பிராங்க் மிச்சம்பிடித்து ரயிலுக்கு 20 பிராங்க் கொடுத்தவர்களை நான் அறிவேன். அவர்களில் ஒருவர் நானே.

பதிவு செய்யும் முன் மூன்றைச் சரிபாருங்கள்: விருந்தினர் சமைக்க அடுக்களை உண்டா, காலை உணவு கட்டணத்தில் சேர்ந்ததா, நகர வரி தனியாகப் பிடிக்கப்படுமா. அடுக்களையோ காலை உணவோ உள்ள விடுதி 8 பிராங்க் கூடுதலாக இருந்தாலும் முடிவில் அதுவே மலிவு.

3. விசா: உங்கள் சிக்கனம் தூதரகத்தின் கணக்கு அல்ல

சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஆனால் ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. பெரியவர்களுக்கான ஷெங்கன் விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாட்களுக்குக் குறைவாக இருக்கும்போது விண்ணப்பிக்க முடியாது. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம்.

எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். சூரிச்சில் மூன்று நாளும் பாரிஸில் ஐந்து நாளும் என்று திட்டமிட்டுவிட்டு, சுவிட்சர்லாந்திடம் சீக்கிரம் நேர்காணல் தேதி கிடைக்கிறது என்பதற்காக அங்கே விண்ணப்பித்தால் நிராகரிப்புக்கு நீங்களே வழி செய்கிறீர்கள்.

இங்கே புதியவர்கள் தவறும் இடம் ஒன்று உண்டு. நாளொன்றுக்கு 100 பிராங்க் அளவில் செலவுக்குப் பணம் இருப்பதை விண்ணப்பதாரர் காட்ட வேண்டும் என்பது சுவிஸ் தரப்பின் அளவுகோல். நான் 60 பிராங்கில் சமாளித்துவிடுவேன் என்று உங்கள் சிக்கனத் திட்டத்தை விளக்கக் கடிதத்தில் பெருமையாக எழுதாதீர்கள். வங்கிக் கணக்கில் காட்டும் தொகை வேறு, உண்மையில் செலவழிக்கப்போகும் தொகை வேறு.

4. பணம், அட்டை, இணையம்

நாணயம் பிராங்க்; யூரோ அல்ல. யூரோவைச் சில கடைகள் வாங்கிக்கொள்ளும், ஆனால் மாற்று விகிதம் கடைக்காரருடையது, மீதிச் சில்லறையும் பிராங்கில்தான் வரும். ஐரோப்பா என்றதும் பயண அட்டையில் யூரோவை ஏற்றிக்கொண்டு போவது பரவலான பிழை. ஒவ்வொரு முறை அட்டையைத் தேய்க்கும்போதும் யூரோவிலிருந்து பிராங்குக்கு மாற்றும் கட்டணம் சேரும். பிராங்கையே ஏற்றச் சொல்லிக் கேளுங்கள்.

அட்டை இயந்திரம் ரூபாயில் செலுத்துகிறீர்களா, பிராங்கிலா என்று கேட்டால் எப்போதும் பிராங்க் என்பதையே அழுத்துங்கள். ரூபாயைத் தேர்ந்தால் மாற்று விகிதத்தை அந்த இயந்திரத்துக்குப் பின்னால் இருப்பவர் முடிவு செய்வார். ரொக்கம் 50 பிராங்க் கையில் இருந்தால் போதும்; மற்றெல்லாம் அட்டையிலேயே நடக்கும்.

கைபேசிக்கு ஐரோப்பா முழுவதும் செல்லும் என்று விற்கப்படும் சிம் வாங்கும்போது, நாடுகளின் பட்டியலில் சுவிட்சர்லாந்து இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். ஒன்றியத்துக்கு மட்டுமான திட்டங்களில் அது இருக்காது. எல்லை தாண்டியதும் கட்டணம் ஏறத் தொடங்கும்.

5. பையில் எதை வைப்பது, எதை வைக்கக் கூடாது

தண்ணீர்க் குப்பி, சிறிய பூட்டு, துண்டு, மடிக்கும் குடை ஆகிய நான்கும் ஊரிலிருந்தே வரட்டும். விடுதிப் பெட்டகங்களுக்குப் பெரும்பாலும் பூட்டு நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். துண்டுக்குப் பல இடங்களில் வாடகை உண்டு. சுவிஸ் மின்துளைகள் தனி வடிவம் கொண்டவை. கைபேசி மின்னேற்றியின் மெல்லிய இரு ஊசிச் செருகி அவற்றில் நுழையும், நம் மூன்று ஊசிச் செருகி நுழையாது. மாற்றுச் செருகியை இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

உணவுப் பொருள்களில் கவனம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுவரத் தடை இருக்கிறது. நெய், பால்கோவா, பால் சேர்ந்த இனிப்புகள் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். பருப்புப்பொடி, ஊறுகாய், வெந்நீர் ஊற்றினால் ஆகும் உப்புமா, அவல் போன்றவற்றால் சிக்கல் இல்லை. மூன்று நாளுக்கு உப்புமாப் பொட்டலம் நான்கு எடுத்துச்செல்பவர் 40 பிராங்கோடு புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

6. பயணச்சீட்டு: பெரும்பாலோர் இடறும் இடம்

விமான நிலையத்தின் அடியிலேயே ரயில் நிலையம் இருக்கிறது. தலைமை நிலையத்துக்கு 10 முதல் 12 நிமிடம். டாக்சி பக்கம் திரும்பவே வேண்டாம்.

பயணச்சீட்டு இயந்திரத்தின் முன் நின்றதும் முதலில் நினைவில் கொள்ள வேண்டியது, 24 மணி நேரச் சீட்டின் விலை அதே மண்டலங்களுக்கான இரண்டு ஒற்றைச் சீட்டுகளின் விலைக்குச் சமம் என்பது. நகருக்குள், அதாவது 110-க்கு மட்டும், ஒற்றைச் சீட்டு 4.60 பிராங்க் அளவிலும் 24 மணிச் சீட்டு 9.20 அளவிலும் இருக்கும். விமான நிலையமும் சேர்ந்த 110, 121 மண்டலங்களுக்கு முறையே 7, 14 பிராங்க். மூன்றாவது முறை வண்டி ஏறுவீர்கள் என்றால் 24 மணிச் சீட்டு லாபம். இல்லையென்றால் ஒற்றைச் சீட்டே போதும்.

அந்த 24 மணி நேரம் நாட்காட்டி நாள் அல்ல, சீட்டு எடுத்த நிமிடத்திலிருந்து எண்ணப்படுவது. பிற்பகல் 3 மணிக்கு விமான நிலையத்தில் எடுத்த சீட்டு மறுநாள் பிற்பகல் 3 மணி வரை செல்லும். ஆகவே மறுநாள் தொலைவான இடங்களைக் காலையில் முடித்துவிட்டு, 3 மணிக்குப் பிறகு பழைய நகரத்தில் நடையாகச் சுற்றினால், இரண்டு பகல்களுக்கு ஒரே சீட்டு போதும். நள்ளிரவோடு சீட்டு முடிந்ததாக எண்ணிக் காலையில் புதிதாக ஒன்றை எடுப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது ஆபத்தான பிழை. இயந்திரத் திரையில் முழுக் கட்டணத்தின் பக்கத்திலேயே பாதி அளவிலான குறைந்த கட்டணமும் தெரியும். அது சிறுவர்களுக்கும் பாதிக்கட்டண அட்டை வைத்திருப்பவர்களுக்கும் உரியது. மலிவாக இருக்கிறதே என்று அதை அழுத்திவிட்டால் கையில் இருப்பது செல்லாத சீட்டு. நிலையங்களில் தடுப்புக் கதவுகள் இல்லாததால் ஏறும்போது யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் சாதாரண உடையில் வரும் பரிசோதகர்கள் திடீரென்று கேட்பார்கள். அபராதம் 100 பிராங்க் அளவில் இருக்கும்; தெரியாமல் செய்தேன் என்ற பதில் எடுபடாது. என்னோடு வந்த நண்பர் இரண்டாம் நாளிலேயே இப்படி ஒரு நாள் முழுச் செலவை இழந்தார்.

ரயிலில் பெட்டியின் கதவருகே 1 அல்லது 2 என்று பெரிதாக எழுதியிருக்கும். உங்கள் சீட்டு இரண்டாம் வகுப்புக்கு என்றால் 1 எழுதிய பகுதியில் நின்றுகொண்டு போனாலும் அபராதம்தான். இரட்டை அடுக்கு ரயில்களில் ஒரே பெட்டிக்குள் வகுப்பு மாறும் என்பதால் எண்ணைப் பார்த்தே உட்காருங்கள். கைபேசியில் சீட்டு எடுப்பவர்கள் வண்டி நகரும் முன் வாங்கியிருக்க வேண்டும். பரிசோதகரைப் பார்த்த பிறகு வாங்கியது கணக்கில் சேராது.

சூரிச் கார்டு வாங்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 24 மணிக்குச் சுமார் 29 பிராங்க், 72 மணிக்குச் சுமார் 56 பிராங்க். விமான நிலையம், ஊட்லிபெர்க் மலை ரயில், ஏரியில் குறுகிய படகுச் சுற்று ஆகியவை அதில் அடங்கும். அருங்காட்சியகங்களில் இலவசமோ சலுகையோ கிடைக்கும். தனித்தனியாக எடுத்தால் முதல் நாள் 14, அடுத்த இரண்டு நாளுக்கு 9.20 வீதம் என்று 32 பிராங்க் அளவில் மூன்று நாள் முடிந்துவிடும். மீதி 24 பிராங்குக்குப் படகும் கட்டண அருங்காட்சியகங்களும் உங்கள் பட்டியலில் இருந்தால் வாங்குங்கள். நடையும் ஏரிக்கரையும் போதும் என்பவருக்கு அது வீண்.

உண்மையில் அந்த 32 பிராங்கும் தேவைப்படாமல் போகலாம். தலைமை நிலையத்திலிருந்து ஏரிவரை செல்லும் பான்ஹோஃப் தெரு 1.4 கிலோமீட்டர்தான், இருபது நிமிட நடை. விடுதி மையத்தில் இருந்தால் ஒரு முழு நாளைச் சீட்டே இல்லாமல் கழிக்கலாம்.

7. சாப்பாடு: நேரமே விலை

உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் ஒரு தட்டுக்கு 25 முதல் 35 பிராங்க் ஆகும். ஒரு காபி 5 பிராங்கை ஒட்டி வரும். இந்த வழியில் போனால் நம் கணக்கு மதியத்தோடு முடிந்துவிடும். ஆகவே மிக்ரோஸ், கோப், டெனர், ஆல்டி, லிடில் ஆகிய பேரங்காடிகள்தான் உங்கள் உணவகம். மிக்ரோஸில் எம்-பட்ஜெட் என்றும், கோப்பில் பிரி கரான்டி என்றும் பெயரிட்ட பொருள்களே அந்தந்தக் கடையின் மலிவு வரிசை. ரொட்டி, பாலாடைக்கட்டி, தயிர், வாழைப்பழம் என்று இவற்றில் எடுத்தால் ஒரு வேளை 6, 7 பிராங்கில் அடங்கும்.

மாலையில் கடை மூடும் முன் ஒரு மணி நேரம் முக்கியமானது. அன்றைக்குள் விற்றாக வேண்டிய சாண்ட்விச், சாலட், சமைத்த உணவுப் பெட்டிகள் மேல் 25 அல்லது 50 விழுக்காடு தள்ளுபடி ஒட்டுவார்கள். இரவு உணவை 6 மணிக்கே வாங்கிவிடும் பழக்கத்தை ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டால் பாதி விலை. ஆனால் மூடும் நேரம் கடைக்குக் கடை மாறும் என்பதால் கதவில் எழுதியிருப்பதை முதல் நாளே பார்த்து வையுங்கள்.

ஞாயிறன்று பேரங்காடிகள் அடைத்திருக்கும். தலைமை நிலையம், விமான நிலையம் போன்ற இடங்களில் உள்ள கிளைகள் மட்டும் திறந்திருக்கும். இது தெரியாமல் சனி இரவு வெறும் கையோடு விடுதிக்குப் போனவர்கள் மறுநாள் உணவகத்தில் 30 பிராங்க் கொடுக்க நேரிடும்.

சூடாகச் சாப்பிட வேண்டும் என்றால் மிக்ரோஸ், கோப் நிறுவனங்கள் நடத்தும் சுயசேவை உணவகங்களுக்குப் போகலாம். சாலட்டை எடைக்குப் போடும் இடங்களில் எச்சரிக்கையாக இருங்கள். உருளைக்கிழங்கு, பீட்ரூட், தக்காளி ஆகியவை எடையில் இழுக்கும். நம்மூர்ப் பந்தியில் உட்கார்ந்ததுபோல் தட்டை நிரப்பினால் 30 பிராங்கைத் தொட்டுவிடும்.

சோற்றுக்கு ஏங்குபவர்களுக்கு ஒரு செய்தி. எண்பதுகள் முதல் சுவிட்சர்லாந்தில் குடியேறிய இலங்கைத் தமிழர்கள் நடத்தும் பலசரக்குக் கடைகளும் சிறு சாப்பாட்டுக் கடைகளும் லாங்ஸ்ட்ராஸே வட்டாரத்தில் இருக்கின்றன. ரோல்ஸ், வடை, கொத்து ரொட்டி போன்றவற்றைக் கையில் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். தமிழிலேயே கேட்கலாம். சைவம் என்பதற்கு மரக்கறி என்று சொன்னாலும் புரிந்துகொள்வார்கள்.

தண்ணீருக்குப் பணம் கொடுக்கவே வேண்டாம். நகரில் 1,200-க்கும் மேற்பட்ட தெரு நீரூற்றுகள் இருக்கின்றன. குடிக்கத் தகாதது என்று பலகை வைத்த சிலவற்றைத் தவிர, எல்லாவற்றிலும் குப்பியை நிரப்பிக்கொள்ளலாம். குழாய்த் தண்ணீரும் அப்படியே. உணவகத்தில் வாட்டர் என்று கேட்டால் விலைக்கு விற்கும் குப்பிதான் வரும். குழாய்த் தண்ணீர் என்று கேட்டாலும் சில இடங்களில் கட்டணம் உண்டு. பரிமாறும் கட்டணம் விலையிலேயே அடங்கியிருப்பதால் டிப்ஸ் கொடுத்தாக வேண்டிய கட்டாயமில்லை.

8. இடங்களை அடுக்கும் முறை

வந்து சேர்ந்த நாளில் சுமையை விடுதியில் வைத்துவிட்டு நடையாகவே தொடங்குங்கள். லின்டென்ஹோஃப் மேடு, செயின்ட் பீட்டர் தேவாலயம், லிம்மாட் ஆற்றங்கரை, ஏரிக்கரை எல்லாம் ஒன்றை அடுத்து ஒன்று, எல்லாம் இலவசம். கிராஸ்மூன்ஸ்டர் தேவாலயத்துக்குள் போகக் கட்டணமில்லை. கோபுரம் ஏறத்தான் 5 பிராங்க். எதிர்க்கரையில் உள்ள ஃப்ரவ்மூன்ஸ்டருக்கு நுழையவே 5 பிராங்க் வேண்டும். ஓவியர் ஷகால் வடித்த ஐந்து வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் அங்கே இருக்கின்றன. இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் இதற்குக் கொடுங்கள். கோபுரத்திலிருந்து தெரியும் காட்சி வேறு இடத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

அந்த வேறு இடம், இ.டி.எச். பல்கலைக்கழகத்தின் முன்னுள்ள மொட்டைமாடித் திடல். பாலிபான் என்னும் சிறு மலை ரயில் அங்கே ஏற்றிவிடும். 110 மண்டலச் சீட்டு இருந்தால் அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. இதைப் புதன்கிழமைக்கு வையுங்கள். அங்கிருந்து குன்ஸ்ட்ஹவுஸ் நடந்துபோகும் தொலைவு. தொகுப்பை அன்று இலவசமாகப் பார்க்கலாம். சிறப்புக் கண்காட்சிகளுக்குக் கட்டணம் உண்டு என்பதால், நுழைவிடத்தில் தொகுப்பு மட்டும் என்று சொல்லுங்கள்.

ஊட்லிபெர்க் 871 மீட்டர் உயரம். ரயிலில் உச்சிவரை போனால் 110-ஐ விட்டு வெளியேறுவீர்கள், கூடுதல் மண்டலத்துக்குக் கட்ட வேண்டும். அதற்குப் பதில் 14-ஆம் எண் டிராமில் கடைசி நிறுத்தமான ட்ரீம்லி வரை சென்று, அங்கிருந்து காட்டுவழியே ஏறலாம். ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். மழைக்கு மறுநாள் பாதை வழுக்கும். மூட்டுவலி உள்ளவர்கள் சிக்கனம் பார்க்காமல் ரயிலில் போய்விடுவது நல்லது.

கோடையில் சென்றால் நீச்சலுடை எடுத்துச்செல்லுங்கள். ஏரிக் குளியலிடங்கள் பலவற்றில் கட்டணம் வாங்குவார்கள். லிம்மாட் ஆற்றில் உள்ள ஓபரர் லெட்டன், உன்டரர் லெட்டன் இரண்டும் இலவசம். ஆற்றின் இழுப்பு பலமாக இருக்கும். நன்றாக நீந்தத் தெரியாதவர்கள் கரையில் உட்கார்ந்திருப்பதே போதும்.

9. வெளியூர்: ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்

யுங்ஃப்ராயோக் பனிமலை இந்தக் கணக்கில் சேராது. இன்டர்லாக்கனிலிருந்து மேலே போய்வரும் சீட்டே சலுகை இல்லாமல் 200 பிராங்கைத் தாண்டும். அதற்குத் தனியாகச் சேமித்துக்கொண்டு வேறொரு முறை போகலாம்.

ரைன் அருவி சேரும். ஒன்பது மணிச் சீட்டு என்னும் சலுகைச் சீட்டு, வார நாட்களில் காலை 9 மணிக்கு மேல் சூரிச் போக்குவரத்துக் கூட்டமைப்பின் எல்லா மண்டலங்களிலும் செல்லும். அதை வைத்துக்கொண்டு அருவிக்கு அருகிலுள்ள ஷ்லோஸ் லாவ்ஃபன் நிலையம்வரை போகலாம். அந்த நிலையத்தை ஒட்டிய கோட்டைப் பக்கக் காட்சி மேடைகளுக்கு 5 பிராங்க் கட்டணம். எதிர்க்கரையான நொய்ஹவுசன் பக்கம் இலவசம். அன்றைக்குத் தனியாக நகரச் சீட்டு எடுக்க வேண்டாம், இதிலேயே அடங்கிவிடும்.

லூசெர்ன் போக விரும்பினால், குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும் செல்லும் சலுகைச் சீட்டுகளை முன்கூட்டியே தேடுங்கள். அந்த ரயிலைத் தவறவிட்டால் சீட்டு செல்லாது. எனவே திரும்பும் ரயிலை நெருக்கமான நேரத்தில் வைக்காதீர்கள்.

10. ஒரு நாள் கணக்கு

படுக்கை 52, பயணம் 10, உணவு 25, நுழைவுக் கட்டணம் 5, இதர 8 என்று நான் ஒதுக்குவேன். உணவில் மிஞ்சியதை நுழைவுக்கு மாற்றலாம். இதரச் செலவுக்கான 8 பிராங்கை மட்டும் தொடாதீர்கள். கட்டணக் கழிப்பறை, பெட்டகம், மழையில் ஏற நேர்ந்த டிராம் ஆகியவை அதிலிருந்துதான் போகும்.

11. புறப்படும் நாள்

முந்தின நாள் மாலை எடுத்த 110 மண்டல 24 மணிச் சீட்டு இன்னும் உயிரோடு இருந்தால், விமான நிலையத்துக்கு முழுச் சீட்டு எடுக்காதீர்கள். கூடுதல் மண்டலத்துக்கு மட்டுமான இணைப்புச் சீட்டு ஒன்று உண்டு. இயந்திரத்தில் அதைத் தேர்ந்தால் குறைந்த செலவில் முடியும்.

உறவினர்களுக்குச் சாக்லேட் வாங்குவதை விமான நிலையத்தின் பளபளக்கும் கடைகளுக்கு விட்டுவைக்காமல், முந்தின நாளே பேரங்காடியில் முடித்துவிடுங்கள். மிக்ரோஸ், கோப் கடைகளின் சொந்தச் சாக்லேட் கட்டிகளும் சுவிட்சர்லாந்தில் செய்தவையே.

கையில் எஞ்சிய நாணயங்களையும் அங்கேயே செலவழித்துவிடுங்கள். ஊரில் பணம் மாற்றுபவர்கள் தாள்களை வாங்குவார்கள், நாணயங்களைத் தொட மாட்டார்கள். 5 பிராங்க் அங்கே தாளாக இல்லாமல் நாணயமாகவே இருப்பதால், நான்கு சேர்ந்தாலே அது 20 பிராங்க்.